பல்சர் 150: வெடிப்பை நிறுத்தி அடித்தொனி எடுத்த விதம்

என் பல்சர் 150 மோட்டார்சைக்கிளுக்குக் கம்பனிச் சைலன்சரைக் கழற்றி வெளிச் சைலன்சர் பூட்டியதும் இரண்டு குறை. அக்சிலேட்டரை விட்டால் பட்பட்டென்று வெடிப்பு, ஓட்டத்தில் தகரச் சத்தம்.

வெடிப்புக்குப் பெரும்பாலும் சைலன்சர் காரணமில்லை, மூட்டுக் கசிவுதான். எஞ்சின் ஹெட்டில் குழாய் தொடங்கும் இடத்தில் பழைய கஸ்கெட்டை (மூட்டை அடைக்கும் வளையம்) மாற்றாமல் விட்டால் வெளிக்காற்று இழுபட்டு, எரியாத பெற்றோல் குழாய்க்குள் வெடிக்கும். ஆறின எஞ்சினில் மூட்டுக்குச் சவர்க்காரத் தண்ணீர் பூசி ஸ்டார்ட் பண்ணினேன், குமிழி வந்தது. புதுக் கஸ்கெட் போட்டு இரண்டு நட்டையும் மாறி மாறி, கொஞ்சங் கொஞ்சமாக இறுக்கினேன். ஒரு பக்கத்தை ஒரேயடியாக இறுக்கினால் பிளான்ஜ் (குழாயை ஹெட்டோடு பிடிக்கும் தட்டு) சரியும், ஸ்டட் (நட் ஏறும் திருகுக்கம்பி) முறியும். ஸ்பார்க் பிளக்கும் வெள்ளையாக இருந்தது, பெற்றோல் போதவில்லை என்று அர்த்தம். காபுரேட்டரில் பெற்றோல் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்குரூவை அரைச் சுற்று வெளியே எடுத்தபின் பிளக் பால்தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது.

தகரச் சத்தத்துக்கு மருந்து கிளாஸ் வூல், சைலன்சருக்குள் சத்தத்தை வாங்கும் கண்ணாடி நார்ப்பஞ்சு. சைலன்சரின் 4.8 மி.மீ. ரிவெட்டுகளை 5 மி.மீ. பிட்டால் துளைத்துத் திறந்தால், ஓட்டைக்குழாயைச் சுற்றியிருந்த வூல் கருகிப் பொடியாய்க் கொட்டியது, பாதி இடம் வெறுமை. முதலில் ஸ்டீல் வூல் ஒரு சுற்று, அதன்மேல் கிளாஸ் வூல். அமத்தினால் திரும்ப எழும்பும் இறுக்கம் போதும், திணித்தால் சத்தத்தை வாங்காது. கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். ரிவெட் ஸ்டெயின்லெஸ்தான் வேண்டும், யாழ்ப்பாணம் பண்ணைப் பாலத்து உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும்.

சைலன்சர் வாயில் சத்தத்தைக் குறைக்க இருக்கும் டிபி கில்லரைக் கழற்றச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். அது போனால் இரைச்சல்தான் மிஞ்சும், பொலிசும் மறிக்கும்.