நிற்கும்போது மட்டும் கார் சூடேறுகிறதா? ரேடியேட்டர் ஃபேனைச் சோதிக்கும் முறை

காத்தான்குடி பிரதான வீதியிலோ கல்முனை பஜாரிலோ ஊர்ந்து போகையில் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. நெரிசல் தாண்டி வேகம் பிடித்ததும் தானாக இறங்குகிறது. இப்படி என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபேனைத்தான். ஏறத்தாழ 50 கி.மீ. வேகத்துக்கு மேல் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். ஃபேனுக்கு வேலை வருவது நிற்கும்போதும் ஊரும்போதும்தான். வேகமாக ஓடும்போது சூடேறினால் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், அடைபட்ட ரேடியேட்டர் என்று வேறு பக்கம் தேடுங்கள்.

இது ஆல்டோ, வேகன் ஆர், அக்சியோ போன்ற மின்சார ஃபேன் உள்ள கார்களுக்கு. டொல்பின் வானில் ஃபேனை எஞ்சினே சுற்றுகிறது. அதன் கதை வேறு.

தேவையானவை: 12 வோல்ட் டெஸ்ட் லைட், மல்டிமீட்டர், நடுவே 30 அம்பியர் பியூஸ் வைத்த தடித்த வயர் இரண்டு துண்டு (2.5 சதுர மி.மீ. போதும்), கொன்டாக்ட் கிளீனர். எஞ்சின் நின்ற பிறகும் சில கார்களில் ஃபேன் திடீரென்று சுழலும். ஆகவே கை வைக்குமுன் திறப்பை எடுத்து, பெட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். மின்சாரம் பார்க்கும்போது மட்டும் திரும்ப மாட்டி, கையை இறக்கைக்கு அப்பால் வையுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது.

1. கூலன்ட் அளவு. எஞ்சின் ஆறியபின் ரேடியேட்டரிலேயே பாருங்கள், ரிசேர்வ் போத்தலை மட்டும் நம்பாதீர்கள். கூலன்ட் குறைந்து, அதன் சூட்டை அளக்கும் சென்சரைச் சுற்றிக் காற்று நின்றால் சூடு அதற்குத் தெரியாது. ஃபேன் நல்லதாக இருந்தும் சுழலாது. குறைந்த அளவைக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பாதீர்கள். அதிலுள்ள உப்பு உள்ளே படிந்து குழாய்களை அடைக்கும்.

2. ஏசி சோதனை. எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஏசியை முழுக் குளிரில் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஒரு நிமிடத்துக்குள் ஃபேன் சுழல வேண்டும். ஏசிக்குச் சுழன்று சூட்டுக்குச் சுழலாவிட்டால் மோட்டரும் வயரும் சரி, நேரே 6க்குப் போங்கள். இரண்டு ஃபேன் இருந்தால் எது சுழல்கிறது என்று பாருங்கள். ஏசி ஃபேன் சுழல்வதைக் கண்டு ரேடியேட்டர் ஃபேனும் நல்லது என்று ஏமாந்துவிடலாம்.

3. பியூஸ், ரிலே. பொனெட்டுக்குள் உள்ள பெட்டியின் மூடியில் படம் இருக்கும். ஃபேன் பியூஸ் பொதுவாக 30 அல்லது 40 அம்பியர். கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் இரு காலிலும் டெஸ்ட் லைட் வையுங்கள். பியூஸ் எரிந்துபோயிருந்தால் (ஒரு காலில் மட்டும் லைட் எரியும்) அதே அளவில் ஒரு முறை மாற்றலாம். மறுபடி எரிந்தால் மோட்டர் இறுகியிருக்கிறது அல்லது வயர் எங்கோ ஷோர்ட். பெரிய பியூஸ் போட்டால் அடுத்து எரிவது வயர்.

ரிலேயை (கட்டளை வந்ததும் ஃபேனுக்கு மின்சாரத்தை விடும் சுவிட்ச்) அதே இலக்கமுள்ள இன்னொன்றோடு (பெரும்பாலும் ஹோர்ன் ரிலே) மாற்றிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் ரிலேயைக் கழற்றி, சொக்கெட்டில் 30, 87 இலக்கக் கால்கள் நுழையும் துளைகள் இரண்டையும் பியூஸ் வைத்த அந்தத் தடித்த வயரால் இணையுங்கள். கால் இலக்கம் ரிலேயின் உடம்பில் உள்ள படத்தில் இருக்கும். இப்போது ஃபேன் சுழன்றால் மோட்டர் நல்லது, கட்டளை வராததுதான் பிரச்சினை.

4. பிளக்கும் ஏர்த்தும் (கார் உடம்போடு சேரும் நெகட்டிவ் இணைப்பு). கடலோரத்தில் ஓடும் வண்டிக்கு இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். உப்புக் காற்று பிளக்கினுள் உள்ள பின்னை (உலோக முள்) பச்சையாக்கும். அந்த முள் தளர்ந்தால் சூடேறிப் பிளாஸ்டிக்கை உருக்கும். பிளக்கைக் கழற்றி அளந்தால் மீட்டர் 12 வோல்ட் காட்டும், எல்லாம் சரிபோலத் தெரியும். அரித்த வயர் தன் குணத்தைக் காட்டுவது பாரம் ஏறிய பிறகுதான். எனவே பிளக்கை மாட்டி, ஃபேனுக்கு மின்சாரம் கொடுத்தபடி பிளக்கின் பின்பக்கமாக, வயர் நுழையும் இடத்தில் அளந்து பாருங்கள். மோட்டரின் ஏர்த் பின்னுக்கும் பெட்டரி நெகட்டிவ்வுக்கும் இடையே 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏர்த் கெட்டது. போல்ட்டைக் கழற்றி, மினுங்கும்வரை உரசி, இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். உருகிய பிளக்கைச் சுத்தம் செய்து பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

5. மோட்டர். பிளக்கைக் கழற்றி, பெட்டரியிலிருந்து பியூஸ் வைத்த வயர்களால் மோட்டருக்கு நேரே மின்சாரம் கொடுங்கள். சுழலாவிட்டால் மோட்டரின் முதுகில் மெல்லத் தட்டுங்கள். தட்டினால் மட்டும் ஓடுகிறதென்றால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. பாவித்த மோட்டர் வாங்கினால் கடையிலேயே ஐந்து நிமிடம் ஓட்டி, தண்டின் ஆட்டத்தையும் இறக்கையின் வெடிப்பையும் பாருங்கள். வயர் மாறினால் ஃபேன் தலைகீழாகச் சுழன்று காற்றை முன்னால் தள்ளும். கிரில்லில் ஒரு தாளைப் பிடியுங்கள், ஒட்டிக்கொள்ள வேண்டும்.

6. சென்சர். எஞ்சின் ஓடும்போது இதன் பிளக்கைக் கழற்றினால் பல கார்களில் பாதுகாப்புக்காக ஃபேன் உடனே சுழலும், செக் எஞ்சின் லைட்டும் எரியும். அப்படிச் சுழன்றால் சென்சரை அளந்து பாருங்கள். பல ஜப்பான் கார்களில் 30 பாகையில் 1.5 முதல் 2 கிலோ ஓம், 80 பாகையில் சுமார் 0.3 கிலோ ஓம் காட்டும். சூடேற்றியும் இறங்கவில்லை என்றால் மாற்றுங்கள்.

ஃபேன் நன்றாகச் சுழன்றும் சூடு குறையாவிட்டால் ஏசி கொன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே எட்டிப் பாருங்கள். வேளாண்மை வெட்டுக் காலத்தில் அம்பாறைப் பக்க வயல் வீதிகளில் ஓடிய வண்டியில் பதரும் வைக்கோல் தூசும் அங்கே மெத்தைபோல் அடைந்திருக்கும். எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகச் சாதாரணக் குழாய்த் தண்ணீரை விடுங்கள். பிரஷர் கன் தகடுகளை மடக்கிவிடும்.

சில கராஜ்களில் சென்சரை விட்டுவிட்டு டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்துத் தருவார்கள். வழியில் நின்றுபோன வண்டியை வீடு சேர்க்க அது உதவும், அவ்வளவுதான். கச்சான் காற்றடிக்கும் மதியத்தில் அதைப் போட மறந்தால் ஹெட் கேஸ்கெட் போய்விடும். ரிலே இல்லாமல் வைத்தால் சுவிட்சே உருகும்.

வேலை முடிந்ததும் ஏசியை நிறுத்தி, நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிடுங்கள். முள் நடுவில் நிற்க, ஃபேன் தானாகச் சுழன்று, நின்று, மறுபடி சுழல வேண்டும். இரண்டு முறை அப்படி நடக்கும்வரை பொனெட்டை மூட வேண்டாம்.