இருந்து ஓட்டும் புல்வெட்டி: கானில் இருந்து திறப்பு வரை

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் புற்றரைகளில் புல்வெட்டும் ட்ராக்டர் ஓட்டுபவர்கள் கத்தி சுழலும்போது கவனமாகத்தான் இருக்கிறார்கள். கவனம் தளர்வது அதற்கு முன்னால், கானைத் திறந்ததில் இருந்து எஞ்சின் பிடிக்கும் வரை. தீப்பிடிக்கும் ஆபத்தும் எஞ்சினைக் கெடுக்கும் பிழைகளும் பெரும்பாலும் அந்தச் சில நிமிடங்களுக்குள்தான் இருக்கின்றன.

முதலில் கான். கரையோரக் கொட்டில்களில் படகு எஞ்சினுக்கான மண்ணெண்ணெய், தோளில் மாட்டும் புல்வெட்டிக்கான டூ-டி ஒயில் (இரண்டு வீச்சு எஞ்சின் ஒயில்) கலந்த பெற்றோல், ஜெனரேட்டர் டீசல் எல்லாம் ஒரே மாதிரிக் கான்களில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ட்ராக்டரின் நான்கு வீச்சு எஞ்சினுக்கு ஒயில் கலக்காத தனிப் பெற்றோல் மட்டுமே வேண்டும். கலவைப் பெற்றோல் போனால் புகை கக்கும், பிளக் கரி பிடிக்கும். மண்ணெண்ணெய் போனால் சேதம் இன்னும் கூட: முழுதாக எரியாமல் பிஸ்டன் வளையம் வழியாகக் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். பெற்றோலுக்கு என்று தனியாக ஒரு சிவப்புக் கான் வையுங்கள். அதில் பெயரையும் வாங்கிய திகதியையும் எழுதுங்கள். தண்ணீர்ப் போத்தலில் பெற்றோல் வைக்கவே கூடாது. குடிதண்ணீர் என்று பிள்ளைகள் எடுத்துவிடுவார்கள்.

ஒக்டேன் 92 போதும். கையேட்டில் 87 என்று கண்டு குழம்ப வேண்டாம். அது அமெரிக்கக் கணக்கு. நம் நாட்டுக் கணக்கில் ஏறத்தாழ 91. ஒரு மாதத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். பழைய பெற்றோல் பிசினாகி கார்பரேட்டரின் நுண்துளையை அடைக்கும்.

பெற்றோல் செட்டில் கானை ஓட்டோவுக்குள்ளோ வானின் கம்பளத்தின் மேலோ வைத்தபடி நிரப்பாதீர்கள். இறக்கித் தரையில் வைத்து, பம்பின் வாய் கானின் விளிம்பைத் தொட்டபடி இருக்க ஊற்றச் சொல்லுங்கள். அப்போதுதான் ஓடும் பெற்றோலால் சேரும் நிலைமின் தரைக்குப் போகும்.

ட்ராக்டரில் ஊற்றும்போதுதான் அவசரம் கூடாது. ஓடி நின்ற எஞ்சினைக் குறைந்தது 15 நிமிடம் ஆறவிடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். சைலன்சர் அந்த வெயிலில் சுலபமாக ஆறாது. கொட்டிலுக்கு வெளியே, சமமான தரையில், நிழலில் நிறுத்தித் திறப்பைக் கழற்றுங்கள். பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரம். தரையோடு தவழ்ந்து போய்ப் பள்ளத்தில் தேங்கும். அதனால் பத்து அடிக்கு அப்பால் சமையலறை அடுப்போ நுளம்புச்சுருளோ எரிந்தாலும் தீ அங்கிருந்து திரும்பி வரும். மூடியை மெதுவாகத் திருகி, உள்ளே அடைபட்ட ஆவியை முதலில் வெளியேற விடுங்கள். வலை வைத்த புனலால் ஊற்றி, கழுத்துக்குக் கீழே இரண்டு விரல் இடம் விடுங்கள். நம் வெயிலில் பெற்றோல் விரியும். விளிம்பு வரை நிரப்பினால் வழிந்து சூடான எஞ்சினில் விழும்.

சிந்தினால் துணியால் துடைத்து, அந்தத் துணியை வெளியில் காயப் போடுங்கள். ட்ராக்டரை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளி அப்பால் கொண்டுபோங்கள். ஹைட்ரோஸ்டாட்டிக் வகை (கியர் மாற்றாமல் ஒயில் அழுத்தத்தால் ஓடுவது) என்றால் பின்னால் உள்ள விடுவிப்பு நெம்பை இழுத்தால்தான் உருளும். மணம் முற்றாகப் போகும் வரை திறப்பைத் தொடாதீர்கள். பக்கத்தில் உலர்தூள் தீயணைப்பானோ ஒரு வாளி மணலோ இருக்கட்டும். பெற்றோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும்.

அடுத்து ஒயில். அளவுகோலைத் துடைத்து, திரும்ப வைத்து எடுத்துப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. நம் வெப்பத்துக்கு எஸ்ஏஈ 30 என்ற தடிப்பு எண் உள்ள ஒயில் நல்லது. 10டபிள்யூ-30 போட்டால் 27 பாகை செல்சியஸுக்கு மேல் ஒயில் கூடுதலாகச் செலவாகும். திருகோணமலையில் பகல் பெரும்பாலும் அதற்கு மேல்தான். புற்றரையையும் ஒரு சுற்று நடந்து பாருங்கள். முருகைக்கல், பனங்கொட்டை, கோம்பை, கம்பித்துண்டு எல்லாவற்றையும் பொறுக்குங்கள். கத்தியில் பட்டால் அவை கல்லெறி போலப் பறக்கும்.

இருக்கையில் ஏறி, பார்க்கிங் பிறேக் போட்டு, கத்தி சுவிட்சை நிறுத்தி, பிறேக் மிதியை முழுதாக அழுத்துங்கள். தாங்கிக்குக் கீழே பெற்றோல் வால்வு இருந்தால் திறந்திருக்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருந்தால் சோக்கை (காற்றைக் குறைக்கும் நெம்பை) இழுங்கள். சூடாக இருந்தால் தேவையில்லை. திறப்பை ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். பிடிக்கவில்லையா, ஒரு நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள். இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டார் எரியும். பெற்றோல் மணம் அடித்தால் எஞ்சின் பெற்றோலில் மூழ்கியிருக்கிறது: 15 நிமிடம் பொறுத்து, சோக்கை விட்டு, திறொட்டிலை (வேக நெம்பை) முழுதாகத் தள்ளித் திறப்பைத் திருப்புங்கள். பிடித்ததும் சோக்கை மெல்ல மெல்ல விடுங்கள். மூடிய கொட்டிலுக்குள் ஒருபோதும் ஓடவிட வேண்டாம். காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. மயங்கி விழும் வரை தெரியாது.

"டக்" என்ற சத்தம் மட்டும் வந்தால் பற்றரியைப் பாருங்கள். முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். கடற்காற்றில் முனைகளில் உப்புப் பூத்துப் பச்சைக் களிம்பு படியும். கறுப்பு வயரை முதலில் கழற்றி, அப்பச்சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, காயவைத்து, கிறீஸ் பூசி, கறுப்பைக் கடைசியாகப் பூட்டுங்கள். பத்து இருபது நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது, பெற்றோல் தாங்கியின் மூடியைத் தளர்த்தினால் திரும்பப் பிடிக்கிறது என்றால் மூடியின் காற்றுத்துளை புல்தூசியால் அடைபட்டிருக்கிறது.

அதே களிம்பு இருக்கைக்கும் மிதிக்கும் கீழுள்ள பாதுகாப்பு சுவிட்சுகளையும் பிடிக்கும். எஞ்சின் அடிக்கடி நிற்கிறது என்று சிலர் சுவிட்சுக்குப் போகும் இரண்டு வயர்களையும் முறுக்கி ஒன்றாக்கி விடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஆள் விழுந்த பிறகும் கத்தி நிற்காமல் சுழலும். சுவிட்சைச் சுத்தம் செய்யுங்கள், சரிவராவிட்டால் புதிது போடுங்கள். வேலை தொடங்கும் ஒவ்வொரு நாளும் ஆளில்லாத இடத்தில் கத்தியை ஓடவிட்டு, இருக்கையை விட்டுச் சற்று எழும்பிப் பாருங்கள். எஞ்சின் உடனே நிற்க வேண்டும். நிற்காத ட்ராக்டரை அன்றைக்கு ஓட்டக் கூடாது.