வால்வு சீல்: உதடு கிழியாமல் மாட்டுவது எப்படி

காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிடுகிறதா? நந்தி மலை இறக்கத்தில் கியரிலேயே இறங்கி, கீழே வந்து ஆக்சிலேட்டரை மிதித்ததும் புகைகிறதா? பெரும்பாலும் வால்வு சீல்தான், அதாவது வால்வுத் தண்டு வழியாக ஆயில் சிலிண்டருக்குள் கசியாமல் தடுக்கும் ரப்பர் மூடி. தண்டைக் கவ்வும் அதன் உள்விளிம்புதான் உதடு. ஏற்றத்தில் இழுக்கும்போது விடாமல் புகைந்தால் முதலில் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகப்படுங்கள்.

பெங்களூரு கலாசிபாளையத்தில் இருபது வருஷமாக ஹெட் (வால்வுகள் உட்காரும் இன்ஜினின் மேல்பாகம்) வேலை செய்கிறேன். கழற்றிய பழைய சீலை நகத்தால் அழுத்திப் பாருங்கள், பிளாஸ்டிக் மாதிரி விறைத்திருக்கும். ஜே.சி. ரோட்டில் புதுசு வாங்கும்போது வைட்டான் (சூடு தாங்கும் ரப்பர்) கேளுங்கள். சாதா நைட்ரைல் ரப்பர் சூட்டில் சீக்கிரம் இறுகிவிடும். சில வண்டிக்கு இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் வேறு வேறு சீல். கலந்துவிடாதீர்கள்.

வால்வைக் கொஞ்சம் தூக்கி ஆட்டிப் பாருங்கள். கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாய்) தேய்ந்து ஆடினால் எந்த சீலும் நிலைக்காது, கைடை முதலில் மாற்றுங்கள். லேப்பிங்கும் (பேஸ்ட் தடவி வால்வை அதன் இருக்கையில் தேய்த்துப் பொருத்துவது) சீலுக்கு முன்பே முடியவேண்டும். பேஸ்ட் துளி ஒட்டியிருந்தாலும் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவுங்கள்.

இனி மாட்டுவது. ஸ்பிரிங்கின் அடி வாஷரை முதலில் போடுங்கள். மறந்தால் சீலைப் பிடுங்கித்தான் போடவேண்டும், பிடுங்கிய சீல் குப்பைக்கு. வால்வுத் தண்டில் ஆயில் தடவி, வால்வை ஏற்றுங்கள்.

இங்கேதான் நான் அடிபட்டேன். தனிக்கடை போட்ட புதிதில், ஒரு அக்காவின் பழைய கார்புரேட்டர் மாருதி 800-க்கு ஆறு சீலும் மாற்றினேன். பத்தே நாளில் புகையோடு திரும்பி வந்தார். "புதுசுதானே தம்பி போட்டே?" என்று கேட்டார். ஹெட்டை இறக்கிப் பார்த்தால் இரண்டு சீலின் உதட்டில் மெல்லிய கீறல். தண்டின் நுனியில் லாக் (ஸ்பிரிங்கை வால்வோடு பிடித்து வைக்கும் சிறு துண்டு) உட்காரும் பள்ளத்தின் விளிம்பு பிளேடு மாதிரி. கவசம் போடாமல் சீலை அதன் மேல் இறக்கியிருந்தேன். கேஸ்கெட்டும் சீலும் என் காசில் போட்டுக் கொடுத்தேன்.

அதனால் பிசிறு இருந்தால் மெல்லிய எமரியில் தேய்த்து எடுங்கள். சீல் செட்டோடு வரும் பிளாஸ்டிக் தொப்பியை நுனியில் மாட்டி, அதற்கும் ஆயில் தடவி, சீலை லேசாகத் திருகி இறக்குங்கள். தொப்பியை எடுத்துவிட்டு, சீலின் வெளி விளிம்பில் மட்டும் உட்காரும் நீளமான சாக்கெட்டால், கைடில் நன்றாக உட்காரும்வரை நேராக அழுத்துங்கள். கையால் போகவில்லை என்று சுத்தியலால் ஓங்கி அடிக்காதீர்கள், சீல் பிளந்துவிடும். உட்கார்ந்த பிறகு வால்வை வெளியே உருவவே கூடாது. உருவினால் அதே பள்ளம் உதட்டை அறுக்கும்.

ஸ்பிரிங்கில் சுருள் நெருக்கமாக உள்ள பக்கம் ஹெட்டைப் பார்க்க இருக்கட்டும். லாக்கை கிரீஸ் வைத்து ஒட்டி உட்கார வையுங்கள். பிறகு நுனியில் பிளாஸ்டிக் சுத்தியலால் ஒரு தட்டு.

முதல் ஓட்டத்தில் சைலன்சருக்குள் தங்கிய பழைய ஆயில் எரிந்து கொஞ்சம் புகையும். மறுநாள் காலை, இன்ஜின் ஆறிய பிறகு, பின்னால் நின்று பாருங்கள்.