புள்ளியை மறக்காதீர்கள்: முதல் டாட்டூ குத்திக்கொள்பவர்களுக்கு

என் இடது முன்கையில், முழங்கைக்குச் சற்றுக் கீழே, சுருளும் வளைவுமாக ஒரு கறுப்புப் பட்டை ஓடுகிறது. பச்சை குத்தும் தொழிலைக் கற்றுக்கொண்ட புதிதில், இருபத்திரண்டு வயதில் குத்திக்கொண்டது. டிசைன் புத்தகத்தில் 'ட்ரைபல்' என்று போட்டிருந்த பக்கத்தைத் திறந்து, பார்க்க நன்றாக இருந்த ஒன்றைத் தொட்டுக் காட்டினேன். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி. ஏழெட்டு வருடம் கழித்து, நியூசிலாந்தில் சில காலம் இருந்துவிட்டு வந்த ஒரு வாடிக்கையாளர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இது யாரோட குடும்பம்?" என்று கேட்டார்.

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் பச்சையைப் பார்த்து வரைந்தது என் பட்டை. 'மோகோ' என்று பெயர், அலங்காரத்துக்காகப் போடுவதல்ல. அணிந்தவரின் வம்சம், குலம், தகுதி எல்லாம் அந்த வளைவுகளில் இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் அவர்களுடைய தலைவர்கள் ஆவணங்களில் கையெழுத்துக்குப் பதிலாகத் தங்கள் முகத்து மோகோவையே வரைந்து கொடுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் நான் சுமந்துகொண்டிருப்பது யாரோ ஒருவருடைய கையெழுத்தில் பாதி. அந்தப் பாணிதான் பிடித்திருக்கிறது என்பவர்களுக்கு வம்சக் குறிப்பு இல்லாமல் வரைகிற வகை ஒன்று இருக்கிறது, 'கிரிதுஹி' என்று பெயர். அதைக் கேட்டு வாங்குங்கள்.

அதனால் யார் படத்தோடு வந்தாலும் ஊசியைத் தொடும் முன் நான் கேட்பது இதுதான்: இது எங்கிருந்து வந்தது, யார் அணிந்தது, அதை அணிய அவர்கள் என்ன செய்ய வேண்டியிருந்தது? இணையத்தில் அரை மணி நேரம் தேடினால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். பசிபிக் தீவு நாடான சமோவாவில் ஆண்கள் இடுப்பிலிருந்து முழங்கால்வரை குத்திக்கொள்ளும் 'பெஆ'வை எடுத்துக்கொள்ளுங்கள். சீப்பு மாதிரிப் பல் வைத்த கருவியைத் தோலில் வைத்து, சிறு கட்டையால் தட்டித் தட்டி, பல நாள் உட்கார்ந்து முடிக்க வேண்டும். வலி தாங்காமல் நடுவில் எழுந்துபோனவருக்கு அந்த அரைகுறைப் பச்சை ஆயுசுக்கும் அவமானம். அதிலிருந்து ஒரு துண்டை வெட்டித் தோளில் ஒட்டிக்கொள்வது பட்டம் வாங்காமல் அங்கியை மட்டும் போட்டுக்கொள்வது போலத்தான். 'டாட்டூ' என்ற சொல்லே சமோவா, தஹிதி போன்ற பசிபிக் தீவுகளில் வழங்கும் 'தாதாவ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. 1769இல் ஆங்கிலேய மாலுமி ஜேம்ஸ் குக்கின் கப்பல் தஹிதிக்குப் போய்வந்த பிறகு ஆங்கிலத்தில் புகுந்துகொண்டது.

இடமும் பேசும். ஒரு பையன் தன் அப்பாவின் இறந்த தேதியை, வெறும் எண்களாக, ஒரே வரிசையில் இடது முன்கையில் கேட்டான். ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கைதிகளுக்கு எண் குத்தியது பெரும்பாலும் அதே இடத்தில்தான் என்று சொன்னேன். அவனுக்குத் தெரியாது. அந்தத் தேதியை நெஞ்சுக்கு மாற்றினோம். அங்கே இன்னும் பொருத்தமாக உட்கார்ந்தது. ஜப்பானில் வேறு கதை. எடோ காலத்தில் (1603 முதல் 1868வரை) குற்றவாளிகளுக்கு அடையாளமாகப் பச்சை குத்துவார்கள். 1872இல் பச்சை குத்துவதையே தடை செய்தார்கள், 1948இல்தான் தடை நீங்கியது. அந்தக் கறை இன்னும் முழுதாகப் போகவில்லை. டாட்டூ தெரிந்தால் உள்ளே விடாத பொதுக் குளியலிடங்கள் அங்கே நிறைய. வெந்நீர் ஊற்றில் குளிக்கும் ஆசை இருப்பவர்கள் டாட்டூவின் அளவை யோசித்துக்கொள்ளுங்கள்.

"அர்த்தமே இல்லாம, சும்மா அழகுக்குக் குத்தக் கூடாதா?" என்று கேட்பவர்களும் உண்டு. தாராளமாகக் குத்தலாம். 1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்தாரே ஓட்சி, சுமார் 5300 வருடத்துக்கு முந்தைய மனிதர், அவர் உடம்பில் 61 பச்சைக் குறிகள். எல்லாம் கோடுகளும் சிலுவை மாதிரிக் குறுக்குக் கோடுகளும்தான். பல குறிகள் கீழ்முதுகிலும் முழங்காலிலும் கணுக்காலிலும், எலும்பு தேய்ந்திருந்த இடங்களை ஒட்டியே இருக்கின்றன. அதனால் வலிக்கு வைத்தியமாகக் குத்தியிருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் ஊகம். மூட்டு வலிக்கே குத்தியிருக்கிறார்கள் என்றால் அழகுக்குக் குத்துவதில் என்ன தப்பு?

சரி, டிசைன் முடிவாகிவிட்டது. அடுத்தது அளவு. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள். தோலைக் காகிதம் என்று நினைத்துவிடுகிறார்கள். மேல்தோல் ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாவது. மை அதற்கும் கீழே, ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் போய் உட்கார வேண்டும். அங்கே நம் உடம்பின் காவல் செல்கள் அதை அந்நியப் பொருள் என்று விழுங்கி வைத்துக்கொள்கின்றன. ஒரு செல் செத்தால் அது சிந்தும் மையை இன்னொன்று விழுங்குகிறது. எலிகளில் இதைச் செய்து பார்த்து பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் 2018இல் வெளியிட்டார்கள். இப்படிக் கைமாறிக் கைமாறி வருடங்கள் போகப் போகக் கோடு கொஞ்சம் தடிக்கும், ஓரம் மங்கும். கரி மை கறுப்புதான். ஆனால் தோலுக்குக் கீழிருந்து வரும்போது நீலப்பச்சையாகத் தெரியும். பச்சை என்று பெயர் வைத்தவர் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது.

தமிழ் எழுத்தில் குத்திக்கொள்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். நம் எழுத்தெல்லாம் சுழி. 'ழ'வின் வளைவு, 'ணி'யின் மூன்று சுழி, 'ஞ'வின் வால் எல்லாம் பொடியாகப் போட்டால் ஐந்தாறு வருடத்தில் அடைத்துக்கொண்டு கறுப்பு உருண்டையாகிவிடும். சுழியின் உள்ளே இரண்டு மில்லிமீட்டராவது வெற்றுத் தோல் தெரிய வேண்டும் என்பது என் கணக்கு. எழுத்து ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் அது நடக்கும்.

அப்புறம் புள்ளி. ஒருவருக்கு 'அம்மா' என்று குத்தினேன். குத்தும் முன் தோலில் ஒட்டும் மாதிரிப் படமான ஸ்டென்சிலில் புள்ளி இருந்தது. வழியும் மையை டிஷ்யூவால் துடைத்தபோது அதுவும் சேர்ந்து அழிந்துவிட்டது, நான் கவனிக்கவில்லை. முடித்துவிட்டுக் கண்ணாடியைக் காட்டினால் 'அமமா'. அவர் சிரித்தார், எனக்கு வியர்த்துக் கொட்டியது. அப்போதே வைத்துச் சரிசெய்தோம். ஆனால் பதற்றத்தில் ஊசியை ஒரே இடத்தில் நொடி கூடுதலாக நிறுத்திவிட்டேன், மை பரவி, கடுகாக இருக்க வேண்டிய புள்ளி மிளகாகிவிட்டது. அதனால் ஸ்டென்சில் ஒட்டியதும் ஒருமுறை, கோடு முடிந்ததும் ஒருமுறை, எழுத்தெழுத்தாகச் சத்தமாகப் படியுங்கள். குத்துபவருக்குத் தமிழ் தெரியாதென்றால் கட்டாயம் படியுங்கள்.

விரல், உள்ளங்கை, பாதத்தின் ஓரம் இதெல்லாம் சீக்கிரம் மங்கும். முதல் டாட்டூவுக்கு வேண்டாம். விலா எலும்பு வலிக்கும், தெரிந்தே போங்கள்.

குத்துபவரைத் தேர்ந்தெடுக்கும்போது அன்றன்று எடுத்த பளபளப்பான படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். வருடம் தாண்டிய, ஆறிய வேலையைக் காட்டச் சொல்லுங்கள். ஊசி உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும். மையைச் சிறு கிண்ணத்தில் ஊற்றி, மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். பாட்டிலுக்குத் திரும்பப் போகக் கூடாது. நடுவில் போனைத் தொட்டால் கையுறையை மாற்ற வேண்டும். இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். மஞ்சள் காமாலை வகைகளில் ஒன்றான ஹெபடைட்டிஸ் பி பரவுகிறது என்று சொல்லி நியூயார்க் நகரம் 1961 முதல் 1997வரை டாட்டூவைத் தடை செய்தே வைத்திருந்தது. இத்தனைக்கும் மின்சார டாட்டூ மெஷின் 1891இல் காப்புரிமை பெற்றது அதே ஊரில்தான். ஆபீஸ் காகிதங்களை நகலெடுக்க எடிசன் செய்த மின்பேனாவின் அடிப்படையில் அமைந்தது அது.

அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், முந்தின இரவு மது வேண்டாம். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். சிவப்பு மைக்கு ஒவ்வாமை அதிகம் வரும். உடம்புவாகு அப்படியென்றால் கறுப்போடு நிறுத்திக்கொள்ளலாம்.

வீட்டுக்குப் போன பின் வாசனையில்லாத சோப்பால் ஒரு நாளில் இரண்டு மூன்று முறை மெதுவாகக் கழுவி, ஒற்றி எடுத்து, களிம்பை மெல்லிசாகத் தடவுங்கள். அப்பிவிடாதீர்கள், தோல் ஊறிப்போகும். நாலைந்து நாளில் செதில் உதிரும், அரிக்கும். பிய்த்தால் மையும் சேர்ந்து வரும். இரண்டு மூன்று வாரம் நீச்சலும் நேர் வெயிலும் கூடாது. சிவப்பு குறையாமல் பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ என்னிடம் வராதீர்கள், நேராக மருத்துவரிடம் போங்கள்.

அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2023இல் எடுத்த கணக்கில், வயது வந்தோரில் 32 சதவீதம் பேர் டாட்டூ வைத்திருந்தார்கள். அவர்களில் 24 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒன்றைப் பற்றி வருத்தம். நானும் அந்த நாலில் ஒருவன்தான், அந்த நாட்டில் இல்லாவிட்டாலும். லேசருக்கு மற்ற நிறங்களைவிடக் கறுப்பு எளிதாக மசியும், மஞ்சள் பிடிவாதம், வெள்ளை சில சமயம் கறுத்தே போகும். என் பட்டை முழுக்கக் கறுப்பு. எட்டு வார இடைவெளியில் மூன்று முறை போய்வந்துவிட்டேன். ஓரங்கள் சாம்பலாகிவிட்டன, நடுச் சுருள் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. நான்காவது முறைக்கு அடுத்த மாதம் போக வேண்டும்.