திராட்சைச் சரிவில் ஒன்பது குழிகள்: எங்கே சறுக்குகிறோம்?

மலைச்சரிவில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒன்பது குழி கோல்ஃப் மைதானத்தின் ஸ்கோர்கார்டைப் பார்த்ததும் பலருக்குத் தைரியம் வந்துவிடும். தூரம் குறைவு, பார் 3 குழிகள் (மூன்று அடியில் முடிக்க வேண்டியவை) அதிகம், ஊதித் தள்ளிவிடலாம் என்று, நெடுந்தூரம் அடிக்கும் மட்டையான டிரைவரை உருவுவார்கள். வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

கார்டில் இருப்பது கிடைமட்டத் தூரம் மட்டும்தான். மேடு பள்ளம் அதில் சேராது. தோராயமான கணக்கு இது: கிரீன் (குழியைச் சுற்றியுள்ள, ஒட்ட வெட்டிய புல்தரை) 10 மீட்டர் கீழே இருந்தால் 10 மீட்டர் குறைத்து அடிக்க வேண்டும், மேலே இருந்தால் அதே அளவு கூட்டி அடிக்க வேண்டும். 130 மீட்டர் என்று போட்டிருக்கும் குழி 20 மீட்டர் பள்ளத்தில் இருந்தால், அது 110 மீட்டர் அடிதான். கார்டை நம்பி அடித்தால் பந்து கிரீனைத் தாண்டித் திராட்சைக் கொடிகளுக்குள் போய்விடும்.

கொடிகளின் ஓரத்தில் வெள்ளைக் கம்பு நட்டிருந்தால் அதற்கு அப்பால் ஆட முடியாது. பந்து அங்கே போனால், கணக்கில் ஓர் அடி கூடும் தண்டனையோடு, முன்பு அடித்த இடத்திலிருந்தே மறுபடி அடிக்க வேண்டும். சரிவில் இறங்கிப் போய்த் தேடிவிட்டு மூச்சு வாங்க மேலே ஏறி வருபவர்களை இங்கே அடிக்கடி பார்க்கலாம். சந்தேகம் வந்த உடனேயே இன்னொரு பந்து அடித்துவிடுங்கள். ஆனால் அடிப்பதற்கு முன்பே ‘புரொவிஷனல்’ (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முதல் பந்து கண்ணெதிரே கிடைத்தாலும் பயனில்லை. தேடுவதற்கு 2019 முதல் 3 நிமிடம்தான், முன்பு 5. சில மைதானங்களில் இரண்டு அடி தண்டனையோடு ஃபேர்வே (குழிக்குப் போகும் வழியில் புல் வெட்டிய பகுதி) பக்கம் பந்தைப் போட்டுக்கொள்ள உள்ளூர் விதி உண்டு. கிளம்பும்முன் கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். பந்துக்காகக் கொடி வரிசைக்குள் மட்டும் நுழையாதீர்கள். இழுத்துக் கட்டிய கம்பி, சொட்டுநீர்க் குழாய், தெளித்த மருந்து எல்லாம் உள்ளே இருக்கும். அது இன்னொருவரின் விளைச்சலும்கூட.

அப்புறம், நிற்கும் நிலை. வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து பாதத்தைவிட மேலே இருந்தால் இடப்பக்கம் இழுக்கும். கிளப்பை (மட்டையை) சற்றுக் கீழே பிடித்து, வலப்பக்கம் குறிவையுங்கள். கீழே இருந்தால் எதிர்மாறு. இறக்கத்தில் நிற்கும்போது பந்தை அள்ளித் தூக்கப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்வது. கிளப் பந்துக்கு முன்பே தரையில் மோதும், அல்லது பந்தின் உச்சந்தலையில் படும். தோள்களைச் சரிவின் சாய்வுக்கு ஒத்து வைத்துக்கொண்டு, பந்து தாழ்வாகத்தான் பறக்கும், விழுந்தபின் நிறைய உருளும் என்று ஏற்றுக்கொண்டு அடிக்க வேண்டும்.

கிரீனில் கண் ஏமாற்றும். மலையே ஒரு பக்கம் சாய்ந்திருப்பதால், சாய்வான கிரீன் சமமாகத் தெரியும். நடந்து வரும்போதே மொத்தச் சரிவும் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்து, குழிக்குக் கீழ்ப்பக்கம் பந்தை நிறுத்துங்கள். மேலிருந்து தட்டினால் நிற்காது.

கோல்ஃப் வண்டியில் போனால் ஈரப்புல்லில் சரிவுக்குக் குறுக்கே ஓட்டாதீர்கள், கவிழும். பாதை போட்டிருந்தால் அதிலேயே போங்கள். காலையில் தாழ்வான குழிகளில் பனி காயத் தாமதமாகும். ஒயின் ருசி பார்ப்பதெல்லாம் ஆட்டம் முடிந்த பிறகுதான், அதுவும் மலைப்பாதையில் வண்டி ஓட்ட வேறொருவர் இருந்தால்.