ஃபேட்டி லிவர் ரிப்போர்ட்டை ஹார்மோன் டாக்டரிடம் காட்டாமல் விடாதீர்கள்

ஹெல்த் செக்கப் ஸ்கேனில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' (கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருப்பது) என்று வந்தால், பலர் "இது இப்போ எல்லாருக்கும் இருக்கு" என்று ஃபைலை மூடிவிடுகிறார்கள், சிலர் மெடிக்கலில் லிவர் டானிக் வாங்கிக் குடிக்கிறார்கள். வருடக்கணக்கில் சர்க்கரைக்கோ தைராய்டுக்கோ பார்த்துவரும் ஹார்மோன் டாக்டரிடம், அதாவது எண்டோகிரைனாலஜிஸ்டிடம், அந்த ரிப்போர்ட்டைக் காட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. பெரிய தவறு இதுதான்.

குடிப்பழக்கம் இல்லாதவர்களுக்கு வரும் ஃபேட்டி லிவருக்குப் பெரும்பாலும் வேர் இன்சுலினில் இருக்கிறது. இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்காதபோது வயிற்றுக் கொழுப்பு கரைந்து ரத்தம் வழியாகக் கல்லீரலில் போய்ச் சேர்கிறது, போதாததற்கு ரத்தத்தில் கூடிப்போன இன்சுலின் கல்லீரலையே இன்னும் கொழுப்பு தயாரிக்க வைக்கிறது. டைப் 2 சர்க்கரை, பிசிஓஎஸ் (பெண்களுக்கு வரும் சினைப்பை ஹார்மோன் கோளாறு), தைராய்டு குறைவு உள்ளவர்களிடம் இது அதிகம் தென்படுகிறது. ஒல்லியாக இருப்பதால் நமக்கு வராது என்றும் நினைக்க வேண்டாம். நம் ஊர் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே கவனிக்க வேண்டும்.

அடுத்து, "எஸ்ஜிபிடி நார்மல், அதனால் பயமில்லை" என்கிற நம்பிக்கை. எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி இரண்டும் ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் கல்லீரல் என்சைம்கள். ஸ்கேனில் வரும் கிரேடு கொழுப்பின் அளவைத்தான் காட்டும், கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று சொல்லாது. அதற்கு ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது, தனியாகச் செலவே இல்லை. வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கி, அதை பிளேட்லெட் எண்ணிக்கையையும் (ஆயிரத்தில்) எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 55 வயதுக்காரருக்கு எஸ்ஜிஓடி 40, எஸ்ஜிபிடி 36, பிளேட்லெட் 2 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல லேப்களில் எல்லாமே நார்மல் என்றுதான் வரும். ஆனால் ஃபிப்-4 சுமார் 1.83. 1.3-க்கு மேல் போனால் (65 வயது தாண்டியவர்களுக்கு 2) ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஸ்கேன்) மாதிரி அடுத்த பரிசோதனை தேவை. டைப் 2 சர்க்கரை உள்ள பெரியவர்களுக்கு ஃபிப்-4 பார்க்கச் சொல்லி அமெரிக்க நீரிழிவு சங்கமே பரிந்துரைக்கிறது, ஆகவே தயங்காமல் கேளுங்கள்.

மருந்து விஷயத்திலும் ஹார்மோன் டாக்டரின் பங்கு பெரிது. மெட்ஃபார்மின் சர்க்கரைக்கு நல்ல மாத்திரை, ஆனால் கல்லீரல் அழற்சியையோ தழும்பையோ அது குறைப்பதாக நிரூபிக்கப்படவில்லை. பயோகிளிட்டசோன், செமாகுளுடைட் போன்ற சர்க்கரை மருந்துகள் கல்லீரல் அழற்சிக்கும் உதவுகின்றன. தழும்பு ஓரளவு கூடிய நோயாளிகளுக்கு செமாகுளுடைடை 2025 ஆகஸ்டில் அமெரிக்கா அனுமதித்தது. ஆனால் இதயச் செயலிழப்பு இருந்தால் பயோகிளிட்டசோன் கூடாது, எடையும் கொஞ்சம் ஏறும். பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைப் பார்த்து வாங்குகிற மருந்துகள் இல்லை இவை.

லிவருக்குப் பயந்து கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தானாக நிறுத்துவது இன்னும் ஆபத்து. ஃபேட்டி லிவர் உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது இதய நோய்தான், கொலஸ்ட்ராலுக்குத் தரும் ஸ்டாட்டின் மாத்திரை இவர்களுக்குப் பொதுவாகப் பாதுகாப்பானது.

எடையைப் பொறுத்தவரை 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் அழற்சியே தணியலாம், 80 கிலோ இருப்பவருக்கு அது 5.6 முதல் 8 கிலோ. பட்டினி கிடந்து வேகமாகக் குறைக்க வேண்டாம், பித்தப்பையில் கல் வரலாம்.

அதற்காக எல்லாவற்றுக்கும் ஹார்மோன் டாக்டர் போதும் என்று இருந்துவிடவும் கூடாது. ஃபைப்ரோஸ்கேன் 8 கிலோபாஸ்கலுக்கு (kPa) மேல் காட்டினால் கல்லீரல் நிபுணரையும் பாருங்கள். வயிறு வீக்கம், மஞ்சள் காமாலை, ரத்த வாந்தி என்று ஏதாவது தெரிந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.