பாங்காக்கில் முதல் நாள்: ஆற்றைப் பிடித்துக்கொண்டு ஊர் பார்ப்பது எப்படி?

முதல் தடவை பாங்காக் போகிறவர்கள் பலர் ஒரே நாளில் ஏழெட்டு இடங்களை எழுதி வைத்துக்கொள்கிறார்கள். அது நடக்காது. நெரிசலில் பாதி நாள் டாக்சியிலேயே போய்விடும். 1782-ல் முதலாம் ராமா மன்னர் இந்தத் தலைநகரை சாவோ ப்ரயா ஆற்றங்கரையில்தான் அமைத்தார். அரண்மனையும் பழைய கோயில்களும் ஆற்றை ஒட்டியே இருக்கின்றன, சீனர் தெருவும் அதற்குப் பக்கம்தான். அதனால் முதல் நாளை ஆற்றுக்குக் கொடுங்கள். மால், சந்தை எல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

1. கிளம்புவதற்கு முன்

2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் தாய்லாந்து அரசின் தளத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள்.

அறையை சீலோம் அல்லது சபான் தக்சின் பக்கம் எடுங்கள். படகும் ரயிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். சீலோமில் 1879-ல் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலும் இருக்கிறது. தாய்லாந்து மக்களே மாலையும் கையுமாக வந்து கும்பிடுவதை இன்னொரு நாள் காலையில் போய்ப் பாருங்கள்.

2. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

சுவர்ணபூமியில் இறங்கியதும் கைச்செலவுக்குக் கொஞ்சம் தாய்லாந்துப் பணம், அதாவது பாட், மாற்றிக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்தில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள கவுண்டர்களில் பொதுவாக நல்ல விலை கிடைக்கும். அங்கேயே ஏர்போர்ட் ரயிலில் ஏறி கடைசி நிலையமான பயா தாயில் இறங்குங்கள். கட்டணம் 45 பாட், அரை மணி நேரப் பயணம்.

அங்கிருந்து பிடிஎஸ் என்கிற மேம்பால ரயிலில் இரண்டாவது நிறுத்தம் சயாம். இறங்கியதும் அதே நடைமேடையின் எதிர்ப்பக்கம் வரும், சபான் தக்சின் போகும் சீலோம் வழி ரயிலில் மாறிக்கொள்ளலாம், படி ஏறி இறங்க வேண்டியதில்லை. பெட்டியை விடுதி வரவேற்பறையில் வைத்துவிட்டு, முகம் கழுவி, தோளும் முட்டியும் மறையும் உடையில் கிளம்புங்கள். கோயிலுக்கு அரைக்கால் சட்டை சரிப்படாது.

3. படகு

சபான் தக்சின் நிலையத்துக்குக் கீழேயே சதோர்ன் படகுத்துறை. நுழைந்ததும் சுற்றுலாப் படகுக்குத்தான் முதலில் கூப்பிடுவார்கள். நீங்கள் தேட வேண்டியது ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு. வேலைக்கும் பள்ளிக்கும் போகிற உள்ளூர்க்காரர்கள் ஏறுவது அதில்தான். எவ்வளவு தூரம் போனாலும் 16 பாட்.

எனக்கு இந்த ஊரில் மிகப் பிடித்த விஷயம் இந்தப் படகுதான். நடத்துநர் கையில் நீளமான தகர உருளை ஒன்று இருக்கும். சில்லறையும் டிக்கெட்டும் அதற்குள்ளேயே. அதன் மூடியைக் கடகடவென்று தட்டிக்கொண்டே கூட்டத்துக்குள் வருவார். பின்னால் நிற்கும் ஆள் விதவிதமாக விசில் அடிப்பார். முன்னே போ, பின்னே வா, நில் எல்லாமே அந்த விசிலில்தான் ஓட்டுநருக்குப் போகும். படகு துறையை உரசி நிற்பது சில நொடிகள்தான். உங்கள் துறை வருவதற்கு முன்பே எழுந்து பின்பக்கம் போய் நில்லுங்கள்.

இறங்க வேண்டிய இடம் தா தியன்.

4. வாட் போ, பிறகு வாட் அருண்

துறையிலிருந்து வாட் போ கோயில் சில நிமிட நடை. வழியில் யாராவது நல்லபடியாகப் பேசி, "கோயில் இன்று மூடியிருக்கிறது, வேறு இடம் காட்டுகிறேன்" என்றால் நிற்காமல் நடங்கள். முதல் தடவை போனபோது அதை நம்பி ஒரு டுக் டுக் ஆட்டோவில் ஏறி, நகைக்கடையில் ஒரு மணி நேரத்தைத் தொலைத்தேன். வாசல் வரை போய் நீங்களே பாருங்கள்.

உள்ளே 46 மீட்டர் நீளத்தில் புத்தர் பள்ளிகொண்டிருக்கிறார். எல்லோரும் முகத்தைப் படம் எடுத்துவிட்டு நகர்கிறார்கள். நீங்கள் பாதம் வரை போங்கள். உள்ளங்காலில் முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னங்கள் செய்திருக்கிறார்கள். முதுகுப் பக்கம் சுவரோரமாக 108 வெண்கலக் கிண்ணங்கள். வருகிறவர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே நடக்க, அந்தக் கிண்கிண் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். இங்கே அவசரப்படாதீர்கள்.

சாப்பிட்டு, வெயில் தணிந்ததும் தா தியனிலிருந்து அக்கரைக்குச் சிறு படகில் போங்கள். சில்லறைக் காசுதான் கட்டணம். வாட் அருண், சூரியனின் தேரோட்டியான அருணன் பெயரில் நிற்கும் கோயில். தூரத்தில் ஒரே வெள்ளையாகத் தெரியும் கோபுரம், கிட்டப் போனால் உடைந்த சீனப் பீங்கான் துண்டுகளை வைத்து இழைத்த பூக்கள். படிகள் செங்குத்தானவை, கைப்பிடியை விடாதீர்கள்.

5. மாலையில் யாவரட்

இக்கரைக்கு வந்து சனாம் சாய் நிலையத்துக்கு நடந்துவிடுங்கள். மாலை ஆறு மணிக்கு ரயில் நிலையங்களில் தேசிய கீதம் ஒலிக்கும். எல்லோரும் அப்படியே நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். சுரங்க ரயிலில் இரண்டாவது நிறுத்தமான வாட் மங்கோனில் இறங்கினால் யாவரட், அதாவது சீனர் தெரு. இருட்டியதும் நடைபாதை முழுக்க அடுப்புதான். திங்கட்கிழமை பல தள்ளுவண்டிகள் வராது, அன்று இதைத் தள்ளிப்போடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். காய்கறிச் சாப்பாடு என்று கேட்டாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். அதனால் "ஜே" என்று கேளுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பாக அந்த எழுத்து இருந்தால் மீனும் முட்டையும்கூட இருக்காது. பூண்டு, வெங்காயமும் சேர்க்க மாட்டார்கள். வறுத்த கஷ்கொட்டையையும் மாதுளைச் சாற்றையும் யாரும் யோசிக்காமல் வாங்கலாம். மாம்பழக் காலமாக இருந்தால் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசியும் மாம்பழமும் ஒரு தட்டு கட்டாயம்.

இரவில் ஆரஞ்சுக் கொடிப் படகு கிடையாது. வாட் மங்கோனிலிருந்து அதே சுரங்க ரயிலில் மூன்றாவது நிறுத்தம் சீலோம். நள்ளிரவு வரை வண்டி உண்டு. ஆனாலும் பத்தரைக்குள் ஏறிவிடுங்கள். நாளைக் காலை எட்டரைக்கு அரண்மனை வாசலில் நிற்க வேண்டும், அதன் பிறகு வெயிலும் கூட்டமும் தாங்காது.